ரெண்டு விசில்

ஊதிவிட்டாளா, இன்னும் இல்லையா? சன்னாசி இடது பக்கக் கண்ணாடியில் கண்ணை நட்டுக்கொண்டு கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்படியில் ஒரு சிவப்புச் சேலை ஏறியது. அதற்குப் பின்னால் ஒரு வாழைத்தார், தாரைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பின்னால் யாருமில்லை. அப்படியென்றால் ஊதியிருப்பாள். ஊதாமல் என்ன செய்வாள், விசிலை வாயிலேயே கவ்விக்கொண்டுதானே நிற்கிறாள். ஆனால் எவனாவது கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து படியில் ஒரு காலை வைத்து, அதைப் பார்த்து அவள் ஊதாமல் இருந்து, இவர் பாட்டுக்குக் கிளட்சை விட்டால்? ஒரு விசில் என்றால் நில், ரெண்டு விசில் என்றால் கிளம்பு. இதைத் தெரிந்துகொள்ள அரசு பஸ்ஸில் டிரைவராக இருக்க வேண்டியதில்லை, மடியில் உட்கார்ந்து வருகிற கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருபத்தாறு வருஷம் அந்தச் சத்தத்துக்கு ஆடினவர்தான் சன்னாசி. இன்றைக்குக் காலையிலிருந்து அது வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வரவில்லை, ரயில்வே கேட்டில் வரவில்லை, இப்போது அடிவாரத்துச் செக்போஸ்ட்டிலும் வரவில்லை. "போலாம்யா, என்ன தூங்குறாரா" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அது மட்டும் கணீரென்று வந்தது. சன்னாசி கிளட்சை விட்டார். வண்டி நகர்ந்தது. யாரும் அலறவில்லை. உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. துண்டை எடுத்துத் துடைக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் முதல் வளைவு வந்துவிட்டது.

அந்தக் கண்டக்டர் பெண் பெயர் ஜெசிந்தா. இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். அப்பா டிப்போ மெக்கானிக், வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார், அந்த வாரிசு வேலை இவளுக்கு வந்தது. காலையில் வண்டியில் ஏறியதும் முன்னால் வந்து நின்று, "அண்ணே, மலை ரூட்டு எனக்குப் புதுசு. தப்புப் பண்ணுனா அங்கேயே திட்டிருங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையாக இருப்பதுதான் பயத்தைக் கூட்டியது. ஒரு சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்குமோ? சே, இது என்ன நினைப்பு, சிடுமூஞ்சி என்றால் சக்கரம் பார்த்து ஏறுமா. பேச்சு கேட்கிறது, இன்ஜின் கேட்கிறது, ஏர் பிரேக்கின் பெருமூச்சு கேட்கிறது. பானெட் மேல் உட்கார்ந்து வருகிற பெரிசுகள் யார் பெண்ணை யார் கூட்டிக்கொண்டு ஓடினான் என்று குசுகுசுப்பதுகூட அரைகுறையாகக் கேட்கிறது. மெலிசாக, கூராக வருகிறது மட்டும் கேட்பதில்லை. ஊசியால் குத்தியெடுத்ததுபோல அந்த ஒரு சத்தத்தை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள். முதலில் காட்டிக்கொடுத்தது குக்கர். மனைவி மாரீஸ்வரி குளிக்கப் போகும்போது "மூணு விசில் வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் ஈரத்தலையோடு ஓடிவந்து, "ஏங்க, ஏழெட்டு அடிச்சிருச்சே, பருப்பு தீஞ்ச வாடைகூட வரலையா, செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பருப்பைக் கிளறப் போய்விட்டாள். இவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வருஷா வருஷம் டாக்டர் சோதிக்கத்தான் செய்கிறார். கண்ணுக்கு எழுத்துப் பலகை. காதுக்கு, முதுகுப் பக்கம் நின்று "உங்க பேரென்ன, எந்த டிப்போ" என்று மெதுவாகக் கேட்பார். பேர் தெரியாதா, டிப்போ தெரியாதா, டாண் டாண் என்று பதில் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பொய்யில்லை. கேட்டதற்குத்தானே பதில் சொன்னார். டாக்டர் விசில் ஊதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வளைவு, நான்காவது வளைவு. மேல்முடிக்கு இன்னும் பதினொன்று இருக்கிறது. வளைவு பயமில்லை. வளைவெல்லாம் கைக்குத் தெரியும், கண்ணைக் கட்டிவிட்டாலும் கை திருப்பும். மேலே போய் வண்டியைத் திருப்புகிறதுதான் பயம். மேல்முடியில் ரோடு ரேஷன் கடை வாசலில் முடிந்துவிடும். அதற்கு மேல் காப்பித் தோட்டத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. வண்டி மூக்கைக் கடைப் பக்கம் நுழைத்து, அங்கிருந்து நாற்பது அடி பின்னாலேயே வந்து, பள்ளத்து விளிம்பில் நிறுத்தி, ஒடித்துத் திருப்ப வேண்டும். அந்த விளிம்பில் இருந்த கட்டைச்சுவர் போன மழையில் சரிந்துபோய், சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாடாவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, பனைமரம் ஆழத்துக்கு ஒன்றுமில்லை. கண்டக்டர் கீழே இறங்கிப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவர் ரெண்டு ரெண்டு விசிலாக ஊத ஊத வண்டி வரலாம், நீளமாக ஒரு விசில் என்றால் நட்ட கல்லாக நிற்க வேண்டும். ஊதாமல் ஒரு அடி பின்னால் எடுக்கக்கூடாது, அது டிரெய்னிங்கில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த சட்டம். பழைய ஆள் என்றால் ஓரமாக நிற்பான். புதுசு என்றால் நேர் பின்னால் நிற்கும். டிரைவர் பார்ப்பார் என்று நிற்கும். அங்கே எந்தக் கண்ணாடியிலும் ஆள் தெரியாது. காதுதான் கண்ணு. காதுதான் கண்ணு என்று நினைத்ததும் சன்னாசிக்குக் குருசாமி ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை உதறினால் இன்னும் நன்றாக வந்து உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், ஒரு சின்ன பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுத்தான் குருசாமி. பின்னால் அவனுடைய கண்டக்டரே நின்றார். சன்னாசி பக்கத்து வண்டியில் இருந்தார், இறங்கி ஓடினார், முதலில் கண்ணில் பட்டது ஒற்றைச் செருப்பு. அது நேராக, கழற்றி வைத்ததுபோல, தரையில் இருந்தது. அப்புறம் மூன்று மாதம் விசாரணை. விசில் ஊதினாரா, ஊதலையா. உனக்குக் கேட்டுச்சா, கேக்கலையா. ஊதினதாகப் பூக்காரம்மா சொன்னாள், ஊதவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். குருசாமி கடைசிவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்ட மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான். கேட்ட மாதிரி இருந்துச்சு. கேட்ட மாதிரி என்றால் என்னடா அர்த்தம் என்று அன்றைக்கு எல்லோரும் அவனைக் கோபித்துக்கொண்டார்கள். சன்னாசியும்தான் கோபித்துக்கொண்டார்.

"ட்ரைவர், நிறுத்துப்பா, காது கேக்கலையா" என்று யாரோ கத்தியதும் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது. ஓடைப்பாலத்தைத் தாண்டி முப்பது அடி வந்தாயிற்று. அந்தச் சிவப்புச் சேலைக்காரி முனகிக்கொண்டே இறங்கிப் பின்னால் நடந்தாள். காது கேக்கலையா. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் சொல்கிற வார்த்தை இது, எந்த டிரைவரைப் பார்த்தும் சொல்லலாம், சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போகிற வார்த்தை. இன்றைக்கு அது பிடரியில் அறைந்தது. ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தெரிந்துவிட்டது, கேட்கப் போகிறாள் என்று சன்னாசி ரோட்டையே பார்த்தார். "சாரிண்ணே, லேட்டா ஊதிட்டனா? எனக்கு அந்த ஸ்டாப் தெரியல, அந்தக்கா பாலம் வந்தப்புறந்தான் சொன்னாங்க" என்றாள். பழியை அவளே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இப்போது சொல்லியிருக்கலாம். லேட்டாகவெல்லாம் இல்லையம்மா, நீ எப்போது ஊதினாலும் எனக்குக் கேட்காது. ஒரே வரி. பத்து வார்த்தை கிடையாது. "பரவால்ல தாயி, பழகிரும்" என்றார். பாவி, என்ன சொன்னோம்? பழகிரும். எது பழகும்? அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் பின்னால் போனாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார், ஒரு ஆளையே சோற்றில் மறைக்கப் பார்க்கிறோமே என்று இருந்தது. வண்டி மறுபடி ஏறத் தொடங்கியது. ரெண்டாவது கியரில் இன்ஜின் முக்கியது. அந்தச் சத்தம் இடது காதுக்குள் இருபத்தாறு வருஷமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு காதை அது தின்றது போதாதென்று இன்னொரு காதை எதிர்வண்டி ஹாரன் தின்றது. வீட்டுக்குப் போன பிறகும் படுக்கையில் இன்ஜின் ஓடும். அதை யாரிடம் சொல்ல, கூட ஓட்டுகிற அத்தனை பேருக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு பயமும் இல்லையே, அது எப்படி? நாலு மாதமாகக் காது இப்படித்தான் இருக்கிறது. நாலு மாதமாக இதே மேல்முடியில் இதே விளிம்பில் தினம் மூன்று தடவை வண்டியைத் திருப்பியிருக்கிறார். ஏனென்றால் வெள்ளைத்துரை ஊதமாட்டார், தட்டுவார். ஒன்பது வருஷம் இந்த வண்டியில் கூட வந்த கண்டக்டர் வெள்ளைத்துரை, வெள்ளிக்கிழமை மாலையோடு ரிட்டயர் ஆனார். உள்ளங்கையை விரித்து வண்டி உடம்பில் டம் டம் என்று அறைவார். ரெண்டு அறை என்றால் போ, ஒரு அறை என்றால் நில். கிழவனுக்குப் பல் விழுந்துபோச்சு, ஊதக் காற்று நிற்கவில்லை என்று டிப்போவில் கேலி பண்ணுவார்கள், சன்னாசியும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தாரே. எப்போதிலிருந்து தட்ட ஆரம்பித்தார் வெள்ளைத்துரை? எட்டாவது வளைவில் வண்டியை ஒடிக்கும்போது சன்னாசிக்கு இந்தக் கேள்வி வந்தது, வந்த வேகத்தில் பதிலும் வந்தது. பொங்கலுக்கு முன்னால் ஊதிக்கொண்டுதான் இருந்தார். பல் விழுந்து நாலு வருஷம் ஆகிறது, தட்ட ஆரம்பித்து நாலு மாதம்தான். மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாரமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை பேசாமல், பல் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டு, கை சிவக்கத் தட்டிக்கொண்டே வந்திருக்கிறார். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு டிப்போ வாசலில் நின்றபோது, "வர்ற ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருப்பா" என்றார். "என்னத்தண்ணே" என்று கேட்டதற்கு, "வண்டியப் பத்தித்தான்" என்று சொல்லி, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நான் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சன்னாசி நினைத்துக்கொண்டிருந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்திருக்கிறது, பக்கத்தில் ஒரு ஆள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெட்கம் முகத்தைச் சுட்டது. வெட்கத்துக்கு அடியில் பயம் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது, ஏனென்றால் இப்போது கிண்ணத்தைப் பிடிக்க ஆளில்லை.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அதையும் ஒருமுறை நின்று நிதானமாகப் பார்த்துவிடலாம் என்று பத்தாவது வளைவில் நினைத்தார், பார்க்க முடியவில்லை, கண் கூசியது. மெடிக்கல் போர்டு. மதுரைக்கு வரச் சொல்வார்கள். காதில் ஏதோ மாட்டி, கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பார்கள். ஸ்டீயரிங் தொடக்கூடாது என்று ஒரு காகிதம் வரும். வேலை போகாது, சம்பளமும் பெரிசாகக் குறையாது, அதெல்லாம் தெரியும். டிப்போ கேட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். உள்ளே போகிற வண்டி நம்பரையும் வெளியே போகிற வண்டி நம்பரையும் எழுதிக்கொண்டு இன்னும் ஐந்து வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். நேற்று வந்த பையன்கள் எல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, "என்னண்ணே, சாப்டீங்களா" என்று சத்தமாகக் கேட்பார்கள். செவிடனிடம் கேட்பதுபோலக் கேட்பார்கள். இந்த மலையில் டிரைவர் சன்னாசி என்றால் எஸ்டேட் பிள்ளைகள் கை காட்டும். பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேர இறக்கத்தை ஐம்பது நிமிஷத்தில் இறங்கினவர் என்று இன்றைக்கும் சொல்வார்கள். கேட்டில் உட்கார்ந்தவனை யார் என்னவென்று சொல்வார்கள்? சரி, சொல்லவில்லை என்றால்? சொல்லவில்லை என்றால் அந்தப் பிள்ளை நேர் பின்னால் நிற்கும். இந்த ரெண்டையும் தராசில் போட்டுப் பார்க்கிற மனசை நினைத்துச் சன்னாசிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இதில் தராசு எதற்கு. பதினோராவது வளைவில் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். பன்னிரண்டாவதில், மேலே போய் நின்றதும் சொல்லலாம், ஓடுகிற வண்டியில் என்ன பேச்சு என்று நினைத்தார். பதின்மூன்றில், அளவு தெரிந்த இடம்தானே, ரேஷன் கடைத் தூண் முன்கண்ணாடியின் இந்த ஓரத்துக்கு வந்தால் நாற்பது அடி, விசில் எதற்கு என்று நினைத்தார். அப்படி நினைத்ததும் உடம்பு லேசானது. அந்த லேசு பிடிக்கவில்லை, ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

மேல்முடியில் வெயில் பளிச்சென்று இருந்தது. ரேஷன் கடையில் கூட்டம், டீக்கடையில் பாட்டு. ஜனங்கள் தபதபவென்று இறங்கினார்கள். சன்னாசி வண்டி மூக்கைக் கடைப் பக்கம் நுழைத்து நிறுத்தினார். கண்ணாடியில் ஜெசிந்தாவின் காக்கிக் கோட்டு பின்படியில் இறங்கியது, வண்டியை ஒட்டி நடந்தது, மூலை திரும்பியது, காணாமல் போனது. இப்போது கூப்பிடலாம். கண்ணாடியை விட்டு மறைந்துவிட்டாள், குரல் கொடுத்தால் வருவாள். ரிவர்ஸ் கியரில் கை இருந்தது. மனசுக்குள் எண்ணினார். ஒன்று, ரெண்டு. வலது காதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பாட்டு கேட்டது, காக்கா கேட்டது, "அரிசி போடுறாங்களா" என்று ஒருத்தி கேட்பது கேட்டது. ஆறு, ஏழு. பின்னால் போய் நிற்க ஏழு எண்ணிக்கை போதும். பத்தில் ஊதியிருப்பாள். ஊதிக்கொண்டே இருப்பாள், இந்த மடையன் ஏன் நகரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள், இன்னும் நின்றால் தெரிந்துபோகும். பதினொன்று. அப்போது கேட்டது. பீப் பீப் என்று, ரொம்பத் தூரத்தில், ரெண்டாக, சுத்தமாகக் கேட்டது. சந்தோஷத்தில் சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்கிறதே, கேட்கத்தானே செய்கிறது, காலையிலிருந்து வீணாகச் செத்துச் செத்துப் பிழைத்தோமே. கிளட்சை விட்டார். வண்டி பின்னால் நகர்ந்தது. ரேஷன் கடைத் தூண் மெதுவாக விலகியது. கால்வாசிகூட விலகவில்லை, அதற்குள் வண்டியின் பின்னுடம்பில் டம் டம் டம் டம் என்று அறை விழுந்தது. எண்ணிக்கை இல்லாத அறை. எலும்பு வழியாகவே வந்து மண்டையில் இடித்தது. சன்னாசி பிரேக்கில் ஏறி நின்றார். கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. இறங்க வேண்டும். தரையில் என்ன இருக்கும் என்று பார்க்கிற தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். யாரும் அலறவில்லை, யாரும் அலறவில்லை, ஏன் யாரும் அலறவில்லை?

"அண்ணே." குரல் ஜன்னலுக்குக் கீழே இருந்து வந்தது. கண்ணைத் திறந்தால் ஜெசிந்தா முழுசாக நின்றாள். முகம் வெளுத்திருந்தது, கோட்டு முழுக்க மண். அவளைப் பார்த்த நிம்மதியில், அவள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, வாய் முந்திக்கொண்டது. "நீ ரெண்டு விசில் குடுத்தியேம்மா, அதான் எடுத்தேன். நல்லாக் கேட்டுச்சு" என்றார் சன்னாசி.

"நான் ஊதவே இல்லண்ணே" என்றாள் ஜெசிந்தா.

கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை ரெண்டும் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன. "இறங்கினவங்க யாரோ உர மூட்டைய டயருக்குப் பின்னால போட்டுட்டுப் போயிட்டாங்க. குனிஞ்சு இழுத்துக்கிட்டிருந்தேன். விசில் கோட்டுப் பையிலதான் கெடக்கு. ஊதாம நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன்." அவள் கோபப்படவில்லை. ஒரு கணக்குத் தப்பாக வருகிறதே என்று பார்க்கிற மாதிரி அவரையே பார்த்தாள். டீக்கடைப் பாட்டு முடிந்து விளம்பரம் ஓடியது. கேட்ட மாதிரி இருந்துச்சு. குருசாமியை அன்றைக்கு யாரும் நம்பவில்லை. பொய் சொல்கிறான் என்றார்கள். அவன் பொய் சொல்லவில்லை. பயம் ஊதும், பயம் ரெண்டு விசில் கொடுக்கும், அது நிஜ விசிலைவிட நன்றாகவே கேட்கும். சன்னாசி இன்ஜினை அணைத்தார்.

"எனக்கு விசில் கேக்காதும்மா" என்றார். "நாலு மாசமாக் கேக்கல. ஓடைப்பாலத்துல நீ லேட்டா ஊதல. நீ காலையிலேர்ந்து ஊதினது ஒண்ணுகூட என் காதுல விழல." பதினைந்து வளைவாகத் தொண்டையில் கிடந்தது இவ்வளவுதான். ஜெசிந்தாவின் கால் நடுங்குவது கோட்டின் விளிம்பில் தெரிந்தது. வழி நெடுகத் தனக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கிக்கொண்டு வந்தவருக்கு, பயம் இன்னொரு உடம்பில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. "வேற டிரைவர அனுப்பச் சொல்லி டிப்போவுக்குப் பேசட்டுமா" என்றாள். "பேசு. வர மூணு மணி நேரம் ஆகும்" என்றார். அவள் நிறுத்தத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஊருக்குள்ளேயிருந்து இருபது பேர் வந்து நின்றுவிட்டார்கள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒரு கர்ப்பிணி, தலையில் துண்டு போட்ட ரெண்டு பேர். "மூட்டைய எடுத்தாச்சு. பின்னால எடுக்கிறப்ப நான் சைடுல நின்னு தட்டுறேன்" என்றாள் மெதுவாக. "இறங்குறப்ப முன்னால உங்க பக்கத்துல வந்து நின்னு வாயால சொல்றேன். டிப்போவுக்குப் போனதும் நீங்களே சொல்லிரணும். சொல்லலேன்னா நான் சொல்லுவேண்ணே, மனசுல வச்சுக்காதீங்க." சன்னாசி தலையாட்டினார். அவள் பின்னால் போய் ஓரத்தில் நின்று வலிக்கிற கையால் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முழமாக வண்டி போனது, ஒடிந்தது, திரும்பியது. ஜனங்கள் ஏறினார்கள். ஜெசிந்தா கர்ப்பிணிக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து, பானெட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சன்னாசி கியரில் கை வைத்தார். நகர்த்தவில்லை. "நீ சொன்னாத்தான் எடுப்பேன்" என்றார்.

"போலாம்ணே" என்றாள். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவருக்கு நன்றாகவே கேட்டது.